டாகேரும் வெள்ளித் தகடும்

கல்லூரி மலர் கைக்கு வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதற்கண் நாடுவது அதன் கட்டுரைகளையன்று, குழுப்படங்களையே. தம் முகம் எவ்வரிசையில் உள்ளது, தம் நண்பன் கண்ணை மூடிக்கொண்டானா என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே எழுத்தின்பால் பார்வை செல்லும். இதில் குறைகூறுதற்கு ஒன்றுமில்லை. தன் முகத்தைத் தானே காணும் ஆவல் மனிதனுக்கு இயல்பாயமைந்தது. ஆயினும், இற்றைக்கு இருநூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்தவருள், ஓவியனை வருவித்துப் பொருள் கொடுக்க வல்ல செல்வரையன்றி, ஏனையோர் தம் உருவம் தமக்குப் பின்னும் நிலைத்திருக்கக் கண்டாரல்லர். ஏழை ஒருவன் இறப்பின், அவன் முகம் அவனையறிந்தார் நினைவோடு மறைந்தொழியும். இந்நிலையை மாற்றியவருள் தலையாயவரெனப் பெயர் பெற்றவர் பிரெஞ்சு நாட்டு ஓவியராகிய லூயி ஜாக் மாண்டே டாகேர் என்பவர். அப்பெயர் முற்றும் அவர்க்கே உரியதுதானா என்பது வேறொரு கேள்வி. அதனை அவர் வரலாற்றோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

டாகேர் 1787-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரையடுத்த கார்மேய் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இரண்டாண்டுகளுக்குள் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அக்குழப்பக் காலத்தில் அவர் பெற்ற பள்ளிக்கல்வி மிகச் சொற்பமே. எனினும் சித்திரம் வரைவதில் அவர்க்கிருந்த திறமை இளமையிலேயே வெளிப்பட்டமையால், தந்தையார் அவரை ஒரு சிற்ப நூலாரிடம் கட்டடப் படம் வரையப் பழக விடுத்தார். பதினாறு, பதினேழு வயதளவில் பாரிஸ் சென்று, இசை நாடக அரங்கிற்குத் திரை எழுதுவதில் பேர்பெற்ற தெகோட்டி என்பாரிடம் மாணாக்கரானார். பின்னர்ப் பிரெவோ என்னும் ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக அமையும் பனோராமா என்னும் பெருஞ்சித்திரங்களை எழுதுகையில் அவர்க்குத் துணையாகச் சில ஆண்டுகள் உழைத்தார். 1810-இல் ஆங்கிலக் குடிவழியில் வந்த லூயிஸ் ஆரோஸ்மித் என்னும் மங்கையை மணந்தார். மக்கட்பேறு இல்லை.

நாடகத் திரை எழுதுபவன் ஓவியருள் தாழ்ந்தவனாக எண்ணப்படுவது எந்நாட்டிலும் உண்டு. ஆயினும் டாகேரின் பிற்கால வெற்றிக்கு வித்தாயிருந்தது இத்தொழிலே என்பது என் கருத்து. தூரத்தைத் துணியிற் காட்டுவதும், விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் காலையை மாலையாக்குவதும், கண்டாரை மெய்யென மயங்கச் செய்வதும் அரங்கத்திலன்றி வேறெங்கும் கற்க இயலாதவை. அவர் எழுதிய நிலவுக் காட்சிகளையும் எழுஞாயிற்றுக் காட்சிகளையும் காண்பதற்கென்றே மக்கள் நாடகசாலைக்குச் சென்றனர்.

1822-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பூட்டோன் என்னும் ஓவியரோடு கூடிப் பாரிஸில் டயோராமா என்னும் காட்சிசாலையைத் திறந்தார். அக்காலத்து மக்களுக்கு அது இந்திரசாலமாகவே தோன்றிற்று. வட்டமான இருண்ட மண்டபத்தில் ஏறக்குறைய 350 பேர் அமர்ந்திருப்பர். எதிரே, சுமார் 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமுமுள்ள மெல்லிய துணியில் எழுதப்பட்ட ஓவியம். அதன் பின்புறத்திலும் மேற்புறத்திலும் பெரிய சாளரங்கள்; அவற்றில் வண்ணத் திரைகளும் மறைப்புகளும் கயிறுகளால் இயக்கப்படும். துணியின் சில பகுதிகள் ஒளி ஊடுருவுமாறும், சில ஊடுருவாவாறும் வண்ணம் தீட்டப்பெற்றமையால், ஒளி வரும் திசை மாறுந்தோறும் காட்சியும் மாறும். பள்ளத்தாக்கின்மீது வெயில் தவழும், மேகம் கவியும், இருள் சூழும். ஒரு காட்சி ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் முடிந்தவுடன், அவையினர் அமர்ந்திருந்த தளமே மெல்லச் சுழன்று அவர்களை மற்றோர் ஓவியத்தின்முன் கொண்டுபோய் நிறுத்தும். 1834-இல் அவர் காட்டிய நள்ளிரவுப் பூசை என்னும் படம் இவற்றுள் புகழ்மிக்கது. முதலில் பகலொளியில் ஆளில்லா ஆலயமும் வெறும் நாற்காலிகளும் தோன்றும். பொழுது சாய்ந்து விளக்குகள் ஏற்றப்பட, அந்நாற்காலிகளில் மக்கள் நிறைந்து காணப்படுவர். துணியின் இருபுறமும் எழுதிய சூழ்ச்சியே அது. ஒருமுறை மோன்பிளாங்க் மலைக்காட்சியின் முன் உயிருள்ள வெள்ளாட்டையே கட்டிவைத்தார். கலையறிவுடையார் சிலர் இதனை எள்ளினர். கண்டு களித்தாரோ கணக்கிலர்.

இத்துணைப் பெரிய ஓவியங்களைப் பிழையறத் தீட்டுவதற்கு அவர் இருட்டறைப் பெட்டி என்னும் கருவியைப் பயன்படுத்தினார். ஒருபுறம் வில்லை பொருத்திய பெட்டியில், எதிரேயுள்ள பொருள்களின் சாயல் மறுபுறக் கண்ணாடியின்மேல் விழும். ஓவியர் அதன்மேல் தாளையிட்டுக் கோட்டை வரைந்துகொள்வர். பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்த கருவி இது. அந்தக் கண்ணாடியில் இயற்கை தானே தன்னை எழுதிக்காட்டுவதையும், பெட்டியை அசைத்த மாத்திரத்தில் அது அழிந்துபோவதையும் நாள்தோறும் கண்ட டாகேர்க்கு, அதனை நிலைக்கச் செய்யலாகாதா என்ற எண்ணம் பிறந்து, நாளடைவில் பித்தாகவே முற்றிற்று. அவருடைய மனைவியார், தம் கணவர்க்கு அறிவு திரிந்ததோவென அஞ்சி, தூமா என்னும் இரசாயன அறிஞரை அணுகி, அப்படியொன்று நடவாததுதானாவென வினவினார் என்றொரு செய்தி வழங்குகிறது. இன்றைய நிலையில் நடவாதது, என்றும் நடவாதெனக் கூற இயலாது என்ற கருத்துப்பட அவ்வறிஞர் விடையளித்தாராம்.

இஃதிவ்வாறாக, பாரிஸுக்குத் தெற்கே, ஷாலோன் நகரையடுத்த சேன்-லூ என்னும் ஊரில், டாகேரினும் இருபத்திரண்டு ஆண்டு மூத்தவராகிய நிசெபோர் நியெப்ஸ் என்பார் அதே முயற்சியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருந்தார். இவரும் இவர் தமையனார் குளோதும் கண்டுபிடிப்புகளிலேயே குடும்பச் சொத்தைக் கரைத்தவர்கள்; 1807-ஆம் ஆண்டிலேயே வெடிப்பினால் இயங்கும் எந்திரமொன்றைப் படகிற் பூட்டி உரிமைச்சீட்டும் பெற்றவர்கள். வெயில்பட்டால் கெட்டியாகும் தன்மையுடைய ஒருவகை நிலக்கீலை உலோகத் தகட்டில் மெல்லிதாகப் பூசி, பெட்டிக்குள் வைத்து, பின்பு லவண்டர் எண்ணெயால் கழுவினால், வெயில்படாத இடம் கரைந்து உருவம் எஞ்சும் என நியெப்ஸ் கண்டார். 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தம் வீட்டு மேன்மாடச் சாளரத்தின் வழியாகத் தெரிந்த கூரைகளையும் புறாமாடத்தையும் இவ்வாறு பதித்த தகடொன்று இன்றும் உள்ளது. இயற்கைக் காட்சியைப் பெட்டியிற் பிடித்தவற்றுள் எஞ்சியிருப்பனவற்றில் மிகப் பழையது அதுவே. எட்டு மணி நேரமாவது அன்றி அதனினும் பன்மடங்காவது வெயிலில் நின்றமையால், முற்றத்தின் இருமருங்கும் வெயில் பட்டதுபோலத் தோன்றுகிறது.

இவ்விருவர்க்கும் கண்ணாடி வில்லை செய்துகொடுத்தவர் பாரிஸில் வாழ்ந்த ஷெவாலியே என்னும் ஒரே குடும்பத்தார். அவர் வாயிலாக நியெப்ஸின் முயற்சியைச் செவியுற்ற டாகேர், 1826-இன் தொடக்கத்தில் அவர்க்குக் கடிதம் விடுத்தார். நியெப்ஸ் அவரை முதலில் நம்பவில்லை. முன்பின் அறியாதவனொருவன் தன் மறைவான தொழிலைப்பற்றி வினவின் எவர்தாம் நம்புவர்? 1827-இல் இங்கிலாந்தில் நோயுற்றிருந்த தமையனைக் காணச் செல்லும் வழியில் நியெப்ஸ் பாரிஸில் தங்கியபோது இருவரும் நேரிற் சந்தித்தனர். டயோராமாவைக் கண்ட முதியவர் அதில் மனம் பறிகொடுத்தார். இங்கிலாந்தில் ராயல் சொசைட்டியார், செய்ம்முறையை வெளியிடாதவருடைய ஆய்வை ஏற்கவியலாதெனக் கூறிவிட, தமையனும் 1828-இல் இறக்க, நியெப்ஸ் மனமுடைந்து ஊர் திரும்பினார். 1829-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் இருவரும் பத்தாண்டுகளுக்கு உடன்படிக்கை செய்துகொண்டனர். கண்டுபிடிப்பு நியெப்ஸினுடையது, அதனைச் சீர்ப்படுத்துதல் டாகேரின் கடமை, வரும் ஊதியம் இருவர்க்கும் சரிபாதி. நான்கு ஆண்டும் நிறைவதற்குள், 1833-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், தம் உழைப்பின் பயனொன்றும் காணாது நியெப்ஸ் காலமானார். அவர் இடத்தில் அவர் மைந்தர் இசிதோர் கூட்டாளியானார்.

நிலக்கீலை விடுத்து வெள்ளியைப் பற்றியதே டாகேர் செய்த பெருமாற்றம். மெருகிட்ட வெள்ளித் தகட்டின்மேல் அயோடின் ஆவி படின், ஒளிக்கு இளகும் மெல்லிய படலமொன்று உண்டாகுமென 1831-இல் கண்டார். ஆயினும் உருவம் கண்ணுக்குப் புலனாகுமளவும் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு விடை 1835-இல் கிடைத்தது. சிறிது நேரமே ஒளிபட்டு, ஒன்றுந் தோன்றாமல் வெறுமையாய் இருந்த தகட்டின்மேல் பாதரச ஆவியைச் செலுத்தின், ஒளிபட்ட இடங்களிற் பாதரசம் படிந்து உருவம் தோன்றும் என்பதே அவ்விடை. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசம், அலமாரியில் எறிந்துவைத்த தகட்டைத் தானே துலக்கிக் காட்டியதாக ஒரு கதை சொல்வர். கதை இனிதே, ஆயினும் பல்லாண்டுகள் ஆவிகளோடு மல்லாடியவர்க்கு அத்தகைய தற்செயல் வேண்டியிருந்ததா என்பது ஐயம். கதை எப்படியாயினும், ஒளி தன் வேலையைக் கண்காணாமற் செய்து முடித்துவிடுகிறது, மறைந்துள்ளதை வெளிக்கொணர்வதே எஞ்சிய வேலை என்ற உண்மை அதனாற் புலனாயிற்று. பின்வந்த பிலிம் சுருள்களெல்லாம் இவ்வுண்மையின்மேல் எழுந்தவையே. இதனை நியெப்ஸ் அறிந்திலர். எஞ்சிய அயோடைடை நீக்கி உருவத்தை நிலைநிறுத்தும் வழி, 1837-இல், நம் வீட்டு உப்பைக் கரைத்த நீரில் அவர்க்குக் கிட்டியது.

இனிச் சொல்லவேண்டுவது அவர்க்குப் புகழ் தருவதன்று. 1835-இல் உடன்படிக்கையைத் திருத்தித் தம் பெயரை முன்வைத்தார். 1837-இல் மீண்டும் திருத்தி, புதிய முறைக்கு டாகேரோடைப் எனத் தம் பெயரை மட்டுமே இட்டார். வறுமையால் நெருக்குண்ட இசிதோர் வேறு வழியின்றிக் கையொப்பமிட்டார். பாதரச முறை முற்றிலும் தாம் கண்டதென்பது டாகேரின் வாதம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் பாதி வழி வரை தூக்கிக்கொண்டு வந்த கிழவரின் பெயரைப் பல்லக்கிலிருந்து இறக்கிவிட்டது நேர்மையாகாது. வழக்கறிஞர்க்கு அவ்வுடன்படிக்கையில் குற்றம் தோன்றாது, நண்பர்க்குத் தோன்றும்.

1838-இல், பங்கு ஒன்றுக்கு 1000 பிராங்காக 400 பங்குகள் விற்றுப் பொருள் திரட்ட முயன்றனர். வாங்குவார் எவருமிலர். மறைபொருளை விலைக்கு வாங்குவோன் முதலில் அதனைக் காணவேண்டுமென்பான். கண்டபின் வாங்கவேண்டிய தேவையில்லை! அவ்வாண்டளவில் டாகேர் தம் சாளரத்திலிருந்து தாம்பிள் வீதியைப் படம்பிடித்தார். காலை எட்டு மணிக்கு வண்டிகளும் மக்களும் நெருங்கிய வீதி அது. படத்திலோ மரங்களும் வீடுகளுமன்றி ஓர் உயிருமில்லை. ஓடுவனவெல்லாம் தடமின்றி மறைந்தன. மூலையில் ஒருவன் மட்டும், மிதியடியைத் துடைப்பவன்முன் காலை நீட்டி, அசையாது சிறிது நேரம் நின்றான், அதனால் நிலைத்தான். ஒளிப்படத்திற் பதிந்த மனிதருள் நாமறிய முதல்வன் அவன். அவன் பெயரை எவருமறியார்; தான் படத்தில் இருப்பதை அவனுமறியான். மூலத்தகடு பிற்காலத்திற் பழுதுற்றமையால் பழைய நகல்களின் வாயிலாகவே இன்று அதனைக் காண்கிறோம்.

பொருள் திரட்டும் முயற்சி பலிக்காமையால் டாகேர் அறிஞரை அடைந்தார். வானநூற் புலவரும் சட்டசபை அங்கத்தினருமாகிய அராகோ இதன் பெருமையை ஒரு பார்வையில் உணர்ந்து, 1839-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் விஞ்ஞானக் கழகத்திற்கு அறிவித்தார். செய்ம்முறை மட்டும் மறைக்கப்பட்டது. செய்தி கேட்ட இங்கிலாந்தின் ஹென்றி பாக்ஸ் டால்பட், தாம் சில ஆண்டுகளுக்கு முன்பே தாளிற் கண்ட முறையை அம்மாதத்திற்குள்ளேயே விரைந்து வெளியிட்டார். பாரிஸிலேயே பாயார் என்னும் அரசாங்க எழுத்தர் வேறொரு முறையில் தாளிற் படம்பிடித்து அவ்வாண்டு ஜூன் மாதம் மக்கட்குக் காட்டினார். அவர் பெற்றது 600 பிராங்கும் மறதியுமே.

அவ்வாண்டு மார்ச்சு மாதம், மின்தந்தியைப் பரப்புதற்குப் பாரிஸ் வந்திருந்த அமெரிக்க ஓவியர் மோர்ஸ், டாகேரின் தகடுகளைக் கண்டு வியந்தார். மறுநாள், 8-ஆம் தேதி, டாகேர் அவருடைய தந்திக் கருவியைக் காண அவர் இருப்பிடம் சென்றிருந்தார். அந்நேரத்திலேயே டயோராமா தீப்பற்றி எரிந்து சாம்பராயிற்று. பதினேழாண்டு உழைப்பு அழிந்தது, வருவாயும் நின்றது. ஐம்பத்தோராவது வயதில் அவர்க்கு எஞ்சியது அம்மறைபொருளொன்றே.

அராகோ தளரவில்லை. இக்கலையை அரசாங்கமே வாங்கி உலகிற்கு வழங்கவேண்டுமென்று இரு சபைகளிலும் மசோதா நிறைவேற்றுவித்தார். டாகேர்க்கு ஆண்டொன்றுக்கு 6000 பிராங்கும் இசிதோருக்கு 4000 பிராங்கும் உபகாரச் சம்பளமாக விதிக்கப்பட்டன. மிகுதி 2000, டயோராமாவின் மறைகளை வெளியிடுவதன் பொருட்டு. மன்னர் லூயி பிலிப் ஆகஸ்டு 7-ஆம் நாள் ஒப்பமிட்டார். ஆகஸ்டு 19-ஆம் நாள், விஞ்ஞானக் கழகமும் கவின்கலைக் கழகமும் ஒருங்கு கூடிய அவையில், முற்றத்திலும் மக்கள் நெருங்கி நிற்க, அராகோ செய்ம்முறையை விளக்கினார். உலகிற்கு அளித்த கொடை என இதனைப் பிரான்சு கொண்டாடிற்று. கொண்டாடத் தக்கதே. ஆயினும் ஐந்து நாள் முன்னதாக, ஆகஸ்டு 14-ஆம் நாள், டாகேரின் சார்பில் இங்கிலாந்தில் உரிமைச்சீட்டுப் பெறப்பட்டுவிட்டது. உலகனைத்திற்கும் இலவசமாய் வந்த கலைக்கு ஆங்கிலேயர் மட்டும் விலைகொடுக்க நேர்ந்தது.

அம்முறையை மாணவர் அறிதல் நன்று. செம்புத் தகட்டின்மேல் வெள்ளி போர்த்து, கண்ணாடியென முகம் தெரியுமளவும் மெருகிடுவர். இருளில் அயோடின் பெட்டியின்மேல் கவிழ்த்துவைக்கப் பொன்னிறம் ஏறும். பிறகு காமெராவில் வைத்து, வெயிலுக்குத் தக்கபடி 3 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை ஒளிபடச் செய்வர். அடுத்து, அடியில் பாதரசம் சூடேறும் பெட்டியில் தகட்டைச் சாய்த்துவைத்து, சிறு சாளரத்தின் வழியே மெழுகுவத்தி வெளிச்சத்தில் உருவம் எழுவதைக் கண்காணிப்பர். அவ்வாவி நஞ்சென்பதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கடைசியாக உப்புநீரிலாவது, ஜான் ஹெர்ஷல் கண்ட ஹைப்போ நீரிலாவது கழுவுவர். கிடைத்த படத்தில் இடம் வலமாக மாறியிருக்கும், சற்றே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், விரல்பட்டால் அழியும். ஆகவே கண்ணாடியிட்டுத் தோற்பெட்டியில் அடைப்பர். ஒரு தகட்டுக்கு ஒரே படம், நகலெடுக்க வழியில்லை. நுட்பமோ சொல்லுந்தரமன்று. உருப்பெருக்கியால் நோக்கின், வெறுங்கண்ணுக்குத் தோன்றாத கடைப்பலகை எழுத்துகளும் தெளிவாகும்.

முழுத்தகடு 6½ அங்குலமும் 8½ அங்குலமும் கொண்டது. அதனை அரை, கால், ஆறிலொன்று, ஒன்பதிலொன்று என வகுத்து வழங்கினர். உருவப்படங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது ஆறிலொன்று, அதாவது உள்ளங்கையில் அடங்கும் 2¾ அங்குலமும் 3¼ அங்குலமும் உள்ள தகடு. டாகேரின் கையொப்பத்தோடு ஜிரூ என்பார் விற்ற முதற் காமெராவும் அதன் சாமான்களும் சேர்ந்து 50 கிலோ எடையும் 400 பிராங்கு விலையுமாயிருந்தன. இவ்வளவு சுமையையும் விலையையும் பாராமல் மக்கள் அதன்மேல் விழுந்தனர். டாகேர் எழுதிய கைந்நூல் ஒன்றரை ஆண்டிற்குள் பல மொழிகளில் முப்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள் கண்டது.

உயிருள்ள முகத்தைப் பிடிப்பதே கடினமாயிருந்தது. கால்மணி நேரம் கொளுத்தும் வெயிலில் இமையாதிருக்க யாரால் இயலும்? 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணித்து அமைத்த வில்லை முன்னதினும் பன்மடங்கு ஒளியை உள்வாங்கிற்று. புரோமின் ஆவியும் சேர்க்கப்பட்டபோது வேகம் பெருகிற்று. பீஸோ என்பார் பொற்கரைசலால் உருவத்தை உறுதியாக்கினார். நேரம் ஒரு நிமிடத்திற்குள் சுருங்கவே, தலையை அசையாமற் பிடிக்கும் இரும்புக் கவையோடு கூடிய படச்சாலைகள் ஊர்தோறும் எழுந்தன. பழைய படங்களில் நம் முன்னோர் சினங்கொண்டார்போல விறைத்திருப்பதற்குக் காரணம் அக்கவையும் நீண்ட பொறுமையுமாயிருக்கலாம். இத்திருத்தங்களுள் ஒன்றேனும் டாகேர் செய்ததன்று. 1839-க்குப் பின் அவர் இக்கலையிற் புதிதாகச் சாதித்தது மிகக் குறைவு.

வருங்காலம் வெள்ளித் தகட்டின் பக்கம் நிற்கவில்லை. டால்பட் 1841-இல் உரிமைபெற்ற காலோடைப் முறையில், தாளில் முதலில் எதிருருவம் உண்டாகும். அதிலிருந்து வேண்டிய மட்டும் நேர்ப்படிகள் எடுக்கலாம். தெளிவிற் குறைந்ததாயினும் பெருகும் ஆற்றலுடையது அதுவே. 1858-இல் லினியஸ் டிரைப் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம்பிடித்து வெளியிட்டது தாள் எதிருருவத்தைக்கொண்டே. டாகேரின் முறையாயின் ஒவ்வொன்றும் ஒற்றைப் படமாய் ஒருவர் பெட்டியில் உறங்கியிருக்கும்.

இசிதோர் 1841-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு, இக்கண்டுபிடிப்புக்கு டாகேரின் பெயர் தகாதென்று முறையிட்டார். உலகம் அப்போது செவிசாய்க்கவில்லை. நியெப்ஸ் இங்கிலாந்தில் விட்டுவந்த சாளரத் தகடு கைமாறிக் கைமாறி, 1898-இற் காட்சிக்கு வைக்கப்பட்ட பின் காணாமற்போய், 1952-இல் வரலாற்றாசிரியர் கெர்ன்ஷைம் முயற்சியால் ஒரு பழம்பெட்டியினின்று மீண்டது. இன்று அது டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் பின்னரே பொதுமக்கள் நியெப்ஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினர்.

டாகேர் தம் கடைசிப் பத்தாண்டுகளைப் பாரிஸுக்குக் கிழக்கேயுள்ள பிரி என்னும் சிற்றூரில் தோட்டமும் வீடுமாகக் கழித்தார். 1851-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் திடீரென உயிர்நீத்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதமே லண்டனில் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் சிற்பி, கண்ணாடியின்மேல் கொல்லோடியன் பூசும் முறையை உரிமைச்சீட்டுப் பெறாமல் வெளியிட்டிருந்தார். வெள்ளித் தகட்டின் தெளிவும் தாளின் பெருக்கமும் ஒருங்கே வாய்ந்த அம்முறை, பத்தாண்டிற்குள் டாகேரின் முறையை வழக்கொழித்தது. பிரி ஊரின் சிறிய ஆலயத்தில், பீடத்திற்குப் பின்புறமுள்ள சுவர் குறுகியது. 1842-இல் டாகேர் அங்கே ஒரு திரையெழுதி, ஒளி பின்னிருந்து வருமாறு அமைத்தார். வாயிலில் நின்று நோக்குவார்க்கு, அச்சிற்றாலயம் தூண்களும் வளைவுகளும் உயர்ந்த சாளரங்களுமாகப் பின்னோக்கி நெடுந்தூரம் நீண்டு செல்வதாகத் தோன்றும். அவர் எழுதிய டயோராமாக்களுள் எஞ்சியது அதுவொன்றே. அண்மையிற் செப்பனிடப்பெற்று இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது.